என் நிலத்தை எதிர்த்து ஒரு மறியல்

அன்றைக்கு ராமேஸ்வரம் ரோட்டில் எல்லாப் பெண்களும் தாரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களிடம் முழங்கால் மடங்காது என்று சொன்னேன். மடங்காது என்பது நிசம்தான். ஆனால் நன்றாக மடங்கியிருந்தாலும் நான் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரோட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை.

எங்கள் ஊர் உச்சிப்புளியைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து விலக்கில் பிரிந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் வெள்ளாமைக்காரர்கள். கடல் எங்கள் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மட்டும் வரும். ஊருக்குக் குடிதண்ணீர் என்றால் ஊருணிதான். அந்த ஊருணிக்குக் கிழக்கே கிடக்கிற நிலம் என்னுடையது. கல்யாணத்தின்போது என் அய்யா எனக்கென்று கொடுத்தது. மழை பொய்த்துப் பொய்த்து, கருவேலம் மண்டிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியை என் மகன் இறால் வளர்க்கிற வெளியூர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டான். என்னைக் கேட்டுத்தான் விட்டான். சும்மா கிடக்கிற நிலம்தானே என்று சரி சொன்னேன்.

குட்டை வெட்டினார்கள். குழாய் பதித்து உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அடுத்த கோடை வருவதற்குள் ஊருணித் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. பருப்பு வேகவில்லை என்றார்கள். சோறு மஞ்சளாகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்றார்கள். மழை இல்லாததால்தான் என்று நான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குள் கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கியிருந்தோம். அதனால் ஊருணி எவ்வளவு கரிக்கிறது என்று என் நாக்குக்குத் தெரியாது.

பிறகு அந்த இறால்காரர் மிச்ச நிலத்தையும் கேட்டார். இரண்டாவது குட்டை ஊருணிக் கரையை ஒட்டியே வரும். மகன் வாக்குக் கொடுத்துவிட்டான். மண் தோண்டுகிற மெஷின் வந்து நின்றது.

எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக் கூட்டி வருகிறவள் ஒருத்தி உண்டு. நடவுக்காரி என்றுதான் அவளைச் சொல்வோம். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வருவாள், யார் வரமாட்டாள் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேலைக்கு ஆள் வராத நாள் என்றால் முதல் நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு எங்காளுக யாரும் வேலைக்கு வரமாட்டோம், பெரியாத்தா."

"ஏன், எங்கன கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. விலக்கு ரோட்டுல உக்காரப் போறோம். அந்த எறாக் குட்டைய நிப்பாட்டச் சொல்லி."

யார் நிலத்துக் குட்டை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பது எனக்கும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நாளைக்கு அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தால் எவள் வாய் திறப்பாள் என்று மனசு கணக்குப் போட்டது.

"நானும் வாரேன்" என்றேன்.

"வெயிலா இருக்குமே" என்றாள். வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

மகன் விடிகாலையிலேயே தேவிபட்டினத்துக்கு ஒரு காரியமாகப் போயிருந்தான். அது எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒருத்தி தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். பட்டுச்சேலை இல்லாவிட்டாலும், வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்டதற்கு நட்டநடு ரோட்டைக் காட்டினேன். ஓரத்தில் உட்காருவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

ராமேஸ்வரத்துக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நின்றன. கண்டக்டர் ஒருத்தர் இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாட்டி, சீட்டு உள்ளயே காலியா இருக்கு. ஏறி உக்காருங்க, ராமநாதசாமியப் பாத்துட்டு வருவோம்."

"ஏலே, எங்க தண்ணியக் குடிச்சிட்டு அப்பறம் பேசு" என்று ஒருத்தி குடத்தை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் விட்டார். உடனே துப்பிவிட்டார். சிரிப்பு போய்விட்டது. பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அதை நான் பார்த்தேன். ஊரில் இத்தனை பேர் சொல்லியும் நம்பாமல் இருந்ததை, வழியோடு போகிற ஓர் ஆள் துப்பியதும் நம்பினேன்.

போலீஸ் வந்தது. நாற்காலியில் இருக்கிறவள்தான் தலைவி என்று இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார். பின்னாலேயே தாசில்தாரும் ஜீப்பில் வந்து இறங்கினார். புதிதாக மாற்றலாகி வந்தவர், தன்மையான ஆள். பத்திரிகைக்காரர் ஒருத்தர் எங்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கோரிக்கை என்னம்மா?" என்று தாசில்தார் என்னிடம் கேட்டார்.

"ஊருணித் தண்ணி உப்பாப் போச்சு."

"எதனால?"

"எறாக் குட்டையால" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் வந்தது.

அவர் தலையை ஆட்டினார். "புறம்போக்கா இருந்தா இப்பவே ஆளை அனுப்பி நிப்பாட்டிருவேன். பட்டா நிலம்னா, நிலத்துக்காரங்க வேணாம்னு சொன்னாப் போதும், மெஷின் ஒரு கூடை மண்ணு அள்ள முடியாது. யாரும்மா அந்த நிலத்துக்காரங்க?"

ஊரே உட்கார்ந்திருந்த இடம். அத்தனை பேருக்கும் தெரியும். கோஷம் போட்டுக்கொண்டிருந்த தொண்டைகள் எல்லாம் அடங்கிப்போய், பஸ் இஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது. இடுப்பில் பிள்ளையை வைத்திருந்த ஒருத்தி, பிள்ளை எங்கே என்னைக் கை காட்டிவிடுமோ என்று அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருன்னு கேக்குறேன்ல?"

நடவுக்காரி எழுந்தாள். "தெரியல சார். யாரோ வெளியூர்க்காரக."

நான் நாற்காலியில் இருந்தேன். சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிற முகங்கள், அந்தக் கேமரா, இன்ஸ்பெக்டர், இவ்வளவு பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

விசாரிக்கிறேன், கலைந்து போங்கள் என்றார் தாசில்தார். பெண்கள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். கைது என்றார்கள், வேனில் ஏற்றினார்கள். என்னை மட்டும் இரண்டு பெண் போலீஸ் கைத்தாங்கலாக ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். நாற்காலியையும் மறக்காமல் மேலே தூக்கிப் போட்டார்கள்.

கொண்டுபோய் வைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். என் மகன் கல்யாணம் நடந்த அதே மண்டபம். அன்றைக்கு வாசலில் நின்று சந்தனம் கொடுத்தவள் நான். இப்போது அதே வாசலில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர் நின்றார். பெண்களுக்கோ அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. மேடையில் ஏறி உட்கார்ந்து, நீ மாப்பிள்ளை, நான் பொண்ணு என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது.

"பெரியாத்தா, மொதப் பந்தி ஒங்களுக்குத்தான்" என்று ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

எனக்கு இறங்கவில்லை. நடவுக்காரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எதுக்கு அப்படிச் சொன்ன? தெரியலன்னு?"

அவள் பொட்டலத்து நூலை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "பெறகு என்ன செய்யச் சொல்றீக? அம்புட்டுச் சனம் பாக்க, இந்தா இவுகதான்னு ஒங்களக் கை காட்டவா? ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுருக்கோம்ல."

"அதுக்காக?"

"நேத்து ஒங்கள வரவேணாம்னு சொல்லிருப்பேன். வந்தா, அங்கன நீங்களே சொல்லிருவீகன்னு நெனச்சேன். அதான் சொல்லல."

இத்தனை வயசில் என்னை யாரும் அடித்ததில்லை. அடித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. என் மானத்தைக் காப்பாற்ற ஒரு ஊரே பொய் சொல்லியிருக்கிறது. உப்புத் தண்ணீர் குடிக்கிற ஊர்.

சாயங்காலம் மகன் காரில் வந்து இறங்கினான். போலீஸிடம் பேசிவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"ஒனக்கு என்ன கிறுக்கா ஆத்தா? நம்ம நெலத்துக்கு எதுக்க நீயே போயி உக்காருவியா? ஊரே சிரிக்குது. வா, போவோம்."

"மெஷின அனுப்பிரு. ரெண்டாவது குட்டை வேணாம்."

"வாக்குக் குடுத்தாச்சு."

"நெலம் என்னது. வாக்கு ஒன்னது."

சத்தமாகத்தான் சொன்னேன். மேடையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மகன் முகம் கறுத்துப்போனது. இதை ரோட்டில், கேட்டவரிடம் சொல்லியிருந்தால் அது ஒரு சொல். பெற்ற பிள்ளையிடம், போலீஸ் காவலுக்குள், நாலு சுவருக்குள் சொன்னதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. எல்லாரையும் விடுகிற வரைக்கும் இருந்து, அவர்களோடு வேனிலேயே திரும்பினேன்.

மெஷின் போய்விட்டது. ஆனால் மறுநாள் பேப்பரில் என் படம் வந்துவிட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மெல்லப் படித்தேன். குடிநீருக்கான போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மூதாட்டி என்று போட்டிருந்தது. பாம்பனில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் மகள் போன் பண்ணி அழுதாள், பெருமையாக இருக்கிறதாம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். நான் ஒருத்தரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்ததும் உடம்பெல்லாம் எரியும்.

முதல் குட்டை அப்படியேதான் இருந்தது. ஊருணியும் கரித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவதை நிறுத்தினோமே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் நடவுக்காரி மறுபடி வந்தாள்.

"நாளைக்கும் உக்காரப் போறோம், பெரியாத்தா. இருக்குற குட்டைய மூடச் சொல்லி."

"எங்கன? விலக்குலயா?"

"இல்ல." அவள் எங்கள் வாசற்படியைப் பார்த்தாள். "இங்கனதான். சொல்லாம வந்தா மரியாதையா இருக்காது. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

சொன்னபடியே வந்தார்கள். வெறுங்குடங்களோடு எங்கள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். மகன் கதவைச் சாத்தச் சொன்னான், போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தான். போனை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். என் வயலில் குனிந்து நாற்று நட்ட பெண்கள் என் வீட்டைப் பார்த்துக் கோஷம் போடுவதை உள்ளே நின்று கேட்டேன். நிமிர்ந்து வெளியே போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இப்ப வளருற எறாலப் பிடிச்சதும் குட்டைய மூடச் சொல்லிர்றேன். குத்தகை போதும்" என்றேன்.

கைதட்டல் எதுவும் வரவில்லை. நடவுக்காரிதான் கேட்டாள். "எங்ககிட்டச் சொல்றது சரி. தாசில்தாருகிட்டச் சொல்லுவீகளா? வாயால?"

தாலுகா ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். தாசில்தார் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்கம்மா. போராட்டத்துக்குத் தலைமை தாங்கினவங்கல்ல? நிலத்துக்காரங்க யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தான்யா அந்த நெலத்துக்காரி. அன்னைக்கு இவுக எனக்காகப் பொய் சொன்னாக."

அவர் முகத்தில் இருந்த மரியாதை எப்படி மாறியது என்று பார்த்தேன். கோபம்கூட இல்லை. விளங்காத ஒன்றைப் பார்ப்பதுபோல என்னையும் அந்தப் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இறால் பிடித்ததும் ஆள் அனுப்பிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் என்னைப் பாராட்டவில்லை. உச்சிப்புளி தாண்டியதும் நடவுக்காரி, என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"இதச் சொல்ல ஒங்களுக்கு இம்புட்டு நாளா, பெரியாத்தா?"

எல்லாரும் காது கொடுத்திருந்தார்கள். ஊர் வரைக்கும் தலை குனிந்தே வந்தேன்.