பாலனுக்கு ஏது தீட்டு

கிறிஸ்துமஸ் என்றதும் கேக்கையும் நட்சத்திர விளக்கையும் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சாவு விழுந்த வீட்டில் கடவுள் வந்து கிடந்ததுதான் எனக்குக் கிறிஸ்துமஸ். தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்தது.

சீவலப்பேரிக்குப் பக்கம், ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சின்னக் கோயில். சாமியார் நடுராத்திரிப் பூசையைப் பெரிய கோயிலில் முடித்துவிட்டு, விடியற்காலையில்தான் எங்களிடம் வருவார். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் திருவருகைக் காலம் தொடங்கும்போது, குடிலில் வைக்கிற குழந்தை இயேசுவின் சுரூபத்தை, பிள்ளை உண்டாகியிருக்கும் ஒருத்தி வீட்டில் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அவள் அதற்குப் புதுச்சட்டை தைத்து, கிறிஸ்துமஸ் அன்று கொண்டுவந்து குடிலில் கிடத்த வேண்டும். பாலன் என்றுதான் சொல்வோம். அந்த வருஷம் பாலன் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு எட்டாம் மாசம்.

அடுத்த வாரமே என் பிள்ளை செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் இல்லை என்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்தார்கள். ஊரில் யாரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் வந்த நாட்களில் நான் தண்ணீருக்கு அடியில் கிடந்தேன். ஆற்றிலிருந்து பனி ஏறி, வயலைத் தாண்டி, வாசல் வழியாக உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். யார் பேசினாலும் தூரத்தில் கேட்கும். அலமாரியின் மேல் பாலன் கையை விரித்துக் கிடந்தார். சில நேரம் அவர் மூச்சு விடுவது போல இருக்கும். எழுந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். மண் சுரூபம், சில்லென்று இருக்கும். என் பிள்ளையும் அப்படித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், கோயிலைக் கூட்டி மணியடிக்கிற பெரியவர் வந்தார். உட்காரவில்லை. பிள்ளை செத்த வீட்டிலிருந்து பாலன் வந்தால் ஊருக்கு ஆகாது என்று பெண்கள் பேசுகிறார்களாம். டவுனிலிருந்து வேறு பாலன் வாங்கியாயிற்றாம். எதிர் வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் கொண்டுவருவாளாம். தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிறவர்கள், தீட்டை மட்டும் விடவில்லை.

“அப்ப இவரு?” என்று அலமாரியைக் காட்டினேன்.

“இங்கனயே இருக்கட்டும்மா. பொறவு பாத்துக்கிடலாம்.”

“அண்ணாச்சி, இவரு மாட்டுத்தொழுவத்துல, ரத்தமும் சாணியுமா பெறந்தவரு. இவருக்கு எந்தத் தீட்டு ஒட்டும்? நான்தான் கொண்டாருவேன். எவ தடுக்காளோ தடுக்கட்டும்.”

கோபத்தில் சொன்னதுதான். அவர் போன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. கடவுள் மனிதரானார் என்று சின்ன வயதிலிருந்து வாயால் பாடியிருக்கிறேன். கலைந்துபோகக்கூடிய வயிற்றுக்குள், சில்லிட்டுப் போகக்கூடிய உடம்புக்குள் அவர் தெரிந்தேதான் வந்தார் என்று ஒரு பிரசங்கத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் பிள்ளைக்குத் தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து அவருக்குப் போட்டேன்.

விடியுமுன் கிளம்பினேன். பனியில் பாதையே தெரியவில்லை. தெரு மிதந்துகொண்டிருந்தது. கோயில் பாட்டு எங்கோ ஆற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. என் வீட்டுக்காரர் கூப்பிடாமலே டார்ச் லைட்டோடு பின்னால் வந்தார். “பைய நட. பிள்ளையக் கீழ போட்டுராத” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர் வீட்டுக்காரி கோயில் வாசலில் நின்றாள். ஒரு கையில் அவள் பிள்ளை, மறு கையில் டவுன் பாலன். என்னையும் நான் வைத்திருந்த பாலனின் சட்டையையும் பார்த்தாள். டவுன் பாலனை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, “எக்கா, நீங்க முன்ன போங்க” என்றாள்.

வைக்கோலில் கிடத்தினேன். அப்போது அவள் பிள்ளை அழுதது. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நான் மறைக்கவில்லை.

பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து பாலனை முத்தி செய்தார்கள். தீட்டு என்று பேசியவர்களும் வந்தார்கள். நான் குடிலை ஒட்டி நின்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன். ஒருத்தியையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, என் பிள்ளையின் சட்டையை மெல்ல விலக்கி, அந்தச் சின்னக் காலில் உதட்டை வைத்தபோது, இதுவரை யாரும் பார்க்காத என் பிள்ளையைப் பார்க்க ஊரே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.