முன்னறையில் அம்மா

செத்துப்போன அம்மா கனவில் வந்து சோறு கேட்பது எங்கள் கேரியாக்கூ தீவில் அதிசயமில்லை. கேட்டால் கோழி அடித்து, சோற்றை உருண்டை பிடித்து, ராத்திரி மேசைமேல் ஒரு தட்டு வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெர்லினா க்வாஷியின் அம்மா தியோடோசியா சோறு கேட்கவில்லை. பாய்மரப் படகு கேட்டாள்.

"அந்த மெஷின் சட்டியில நான் வரமாட்டேன்டி. பாய் கட்டிக் கூட்டிட்டுப் போ" என்று ஃபெர்ரியைத் திட்டிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். உயிரோடு இருந்தபோதும் அவள் யார் பதிலுக்கும் நின்றவள் இல்லை.

விஷயம் கல்லறைக் கல்தான். தியோடோசியாவைப் புதைத்தது அவள் பிறந்த பெட்டீட் மார்ட்டினிக்கில். இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிற குட்டித் தீவு. எங்கள் வழக்கத்தில் புதைத்த கையோடு கல் நடுவதில்லை. கையில் நாலு காசு சேர்ந்து, சொந்தமெல்லாம் கூடி, விருந்து வைத்துத்தான் நடுவோம். வருஷக்கணக்கில் ஆனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதுவரை செத்தவருக்கு நிம்மதி இல்லை, பாதி வழியில் நிற்கிறார் என்றுதான் அர்த்தம். தியோடோசியாவின் கல் டிரெல் பே வளைகுடாக் கரையில் மெர்லினாவின் வீட்டு மாமரத்தடியில் கிடந்தது. கோழிகள் அதன்மேல் ஏறி வெயில் காய்ந்தன. கல் வெட்டிய ஒத்னியல் அன்றைக்கே முணுமுணுத்தான்: "எழுத்தை இவ்வளவு ஆழமா வெட்டச் சொல்றியே, கல்லு பிளந்தா என்னைக் கேக்காத." மழை அழித்துவிடும், பேசாமல் வெட்டு என்றாள் மெர்லினா.

கனவைச் சொல்ல பெட்டீட் மார்ட்டினிக்கில் இருக்கிற அண்ணன் ஆல்ஸ்டனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான்.

"என் கனவுல வந்தப்ப அம்மா வேற சொன்னாளே. 'சீக்கிரம் கொண்டு வாங்கடா, எப்படியாவது கொண்டு வாங்க'ன்னா."

"எப்ப வந்தா?"

"நேத்து."

"நேத்து என்கூட இருந்தாண்ணே. ஒரே ராத்திரியில ரெண்டு வீட்டுக்கும் நடந்தாளா?"

"அவ நடப்பா. அவளுக்குக் கால் சும்மா இருக்குமா? ஏ புள்ள, பாய்க்கு எங்க போற? நம்ம ரோசலின் கடலுக்கடியில கிடக்கு."

அதுதான் சிக்கல். ரோசலின் அவர்கள் வீட்டுப் பாய்மரப் படகு. விண்ட்வர்ட் கரையில், அடைக்கலம் கேட்ட மாதிரி சாய்ந்து நிற்கும் மரங்களுக்குக் கீழே பலகை பலகையாக அடித்துக் கட்டியது. வெங்காயம், ஆடு, சிமெண்ட் மூட்டை எல்லாம் அதில் ஏறும். சுங்கத்துக்காரன் கண்ணில் படாத விஸ்கிப் பெட்டிகளும் ஏறும், அதை மறைப்பானேன். அம்மா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, காற்றையும் அப்பாவையும் ஒரே குரலில் திட்டிக்கொண்டு வருவாள். அப்பா கண்ணயர்ந்தால் சுக்கானை அவளே பிடிப்பாள். மெர்லினாவின் சின்னக் கையைத் தன் கைக்கு அடியில் வைத்து, "அழுத்தாத, அது சொல்றதைக் கேளு" என்பாள். அந்தச் சொரசொரப்பான உள்ளங்கையின் சூடு இன்றைக்கும் மெர்லினாவின் புறங்கையில் இருக்கிறது. அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு வெங்காய வாசனைதான் முதலில் வரும், பிறகு அழுகை.

ஆல்ஸ்டனுக்கு மீசை முளைத்ததும் சுக்கான் அவன் கைக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. "பொம்பள சுக்கான் பிடிச்சா கடல் சிரிக்கும்" என்பான். பிறகு ஒரு புயல் ரோசலினை எடுத்துக்கொண்டது. மெர்லினா கரையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வேலை, வாடகைப் படகுக் கம்பெனியில் படுக்கைத் துணி துவைப்பது. வெள்ளைக்காரர்கள் வருவார்கள். மாலுமி கிடையாது, சமையல்காரன் கிடையாது, படகை மட்டும் வாங்கிக்கொண்டு தாங்களே பாய் விரித்துத் தீவு தீவாகப் போவார்கள். முதல் சாயங்காலம் மேசைமேல் வரைபடத்தை விரித்து, எங்கே நங்கூரம் போடுவது, எங்கே மீன் தின்பது என்று கணவனும் மனைவியும் சண்டை போடுவார்கள். மெர்லினா படகின் முன்னறைக் கட்டிலுக்கு விரிப்பு மாட்டிக்கொண்டே கேட்டுச் சிரித்துக்கொள்வாள். இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேருக்கு விரித்திருக்கிறாள். தனக்கு என்று ஒருநாளும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கனவுக்குப் பிறகு அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. இந்தக் கரையில் பாய் உள்ள படகு என்றால் இப்போது அந்த வெள்ளைப் படகுகள்தான். மேலாளன் ரூவல் பக்கத்து வீட்டுப் பையன். அவன் மூக்கைத் துடைத்துவிட்ட உரிமை அவளுக்கு உண்டு.

"சீசன் முடிஞ்சு போச்சு, படகு சும்மாதானே கிடக்கு ரூவல்? ஒண்ணு எனக்கு வேணும்."

"உங்களுக்கா அத்தை? எங்க போறீங்க?"

"அம்மாவைக் கூட்டிட்டுப் பெட்டீட் மார்ட்டினிக் போறேன்."

ரூவலும் இந்த ஊர்க்காரன்தானே, புரிந்துகொண்டான். "கம்பெனி சட்டம், மூணு நாளுக்குக் குறைச்சு தர முடியாது. அப்புறம், கேப்டன் யாருன்னு நான் கடல்ல பாத்துத்தான் தருவேன். அது உங்களுக்குன்னாலும் சரி."

"கேப்டன் எங்கண்ணன்" என்றாள் மெர்லினா. மீசை முளைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேப்டன் அவன்தான்.

ஆல்ஸ்டன் வந்து சேர்ந்தான், அம்மா வெறுத்த அதே மெஷின் சட்டியில். இறங்கும்போது பலகையைக் காலால் தடவித் தடவி இறங்கினான். மெர்லினா கை நீட்டினாள், தட்டிவிட்டான். அன்று சாயங்காலம் வெள்ளைக்காரர்களைப் போலவே இரண்டு பேரும் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"மூணு நாள் எதுக்கு? வடக்கே ஏறி முனையைச் சுத்தினா அன்னைக்கே சேந்துடலாம். மிச்ச நாளைக்கு என்ன, அம்மாவுக்கு நீச்சல் சொல்லித் தரப் போறியா?"

"மூணு நாள் குடுக்கறாங்கண்ணே. அம்மா போன இடமெல்லாம் ஒருதரம் காட்டிட்டுப் போவோமே. மொதல்ல ஹில்ஸ்பரோ. சந்தையில அவகிட்ட கடன்படாத ஆள் யாரு? அப்புறம் மணல் தீவு."

"மணல் தீவுல அவளுக்கு என்ன வேலை?"

"அங்கதான் அப்பா அவளைக் கேட்டாரு."

"அப்பாவா கேட்டாரு? இவதான் கேட்டா. அவரு பயந்து கடல்ல குதிச்சாரு." ஆல்ஸ்டன் சிரித்தான். சிரித்துக்கொண்டே விரலால் வரைபடத்தில் எதையோ காட்டினான். விரல் இருந்தது நடுக்கடலில். "இந்தா, இங்க ராத்திரி தங்கலாம்."

மெர்லினா பார்த்தாள். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கண்ணாடியை வீட்ல வச்சிட்டேன்" என்றான். "நீயே படி. வழியெல்லாம் எனக்கு மனப்பாடம்."

வழியெல்லாம் மனப்பாடம் என்பது பொய்யில்லை. மறுநாள் ரூவல் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்குள் போனபோது, ஆல்ஸ்டன் சுக்கான் சக்கரத்தைப் பிடித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பாய் படபடக்கும் முன்பே திருப்பினான். "இந்தப் பிளாஸ்டிக் தொட்டியும் பரவாயில்லை, சொன்ன பேச்சு கேக்குது" என்று பெருமை வேறு. ரூவலுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"போதும் மாமா, திரும்பிடலாம். அந்தா அலையாத்திக் காட்டோரம் ஒண்ணு நிக்குதே, அதை ஒட்டிப் போங்க."

"கெஸ்டரோட கப்பல்தானே? அவன் எப்பவும் அங்கதான் கட்டுவான். இன்னும் அதுக்குக் கறுப்புச் சாயம்தான் அடிக்கிறானா?"

யாரும் பேசவில்லை. கெஸ்டரின் கப்பலைப் போன வருஷப் புயல் தூக்கி அந்தக் காட்டுக்குள்ளேயே அடித்து நொறுக்கியது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே நின்றது யாரோ சுற்றுலாக்காரர்களின் படகு, வெள்ளை வெளேரென்று, பக்கத்தில். ஆல்ஸ்டன் அந்த அமைதியைக் கேட்டான். அவன் முகம் தொங்கிப்போனது. அவன் சுக்கான் பிடித்துப் பார்ப்பது இதுதான் கடைசி என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

ரூவல் மெதுவாகச் சொன்னான்: "அத்தை, இப்படி நான் படகு தர முடியாது. ஃபெர்ரியிலயே கொண்டு போயிடுங்க. உங்கம்மா மன்னிச்சுக்குவாங்க."

"அவளா? அவ அப்பாவையே மன்னிக்கலை" என்றாள் மெர்லினா. பிறகு அண்ணன் பக்கத்தில் போய் நின்று அவன் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்தாள். அவன் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் விட்டான்.

"கேப்டன்னு என் பேரைப் போடு ரூவல். என்னையும் கடல்ல பாரு."

"கடல் சிரிக்கப் போகுது" என்று முனகினான் ஆல்ஸ்டன். குரலில் உயிரில்லை.

ரூவல் பார்த்தான், சும்மா விடாமல் பார்த்தான். திருப்பச் சொன்னான், நிறுத்தச் சொன்னான், ஆள் கடலில் விழுந்த மாதிரி ஒரு மிதவையைத் தூக்கிப் போட்டு எடுக்கச் சொன்னான். முதல் தடவை மெர்லினா அதைத் தவறவிட்டாள். இரண்டாம் தடவை காற்று குப்பென்று அடித்தது. அவள் திரும்பாமலே கத்தினாள்: "கயித்தை விடுடா, தூங்குமூஞ்சி!"

ஆல்ஸ்டன் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டது. மிதவை படகின் பக்கவாட்டில் வந்து முட்டியது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அது அம்மாவின் குரல். அவனை அப்படித் திட்ட இந்த உலகத்தில் இன்னொருத்தி இருப்பது அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது.

கேப்டன் என்று மெர்லினாவின் பெயரையே ரூவல் எழுதினான். புறப்படும் நாளில் நாலு பேர் கல்லைத் தூக்கிவந்தார்கள். நடுவதற்கு முன்னால் கல்லை வீட்டுக்குள் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, ரம்மும் தண்ணீரும் தெளிப்பது முறை. இங்கே படகுதான் வீடு. முன்னறைக் கட்டிலுக்கு மெர்லினா கம்பெனியின் நல்ல விரிப்பாக எடுத்து விரித்தாள். சுருக்கமில்லாமல் நாலு மூலையும் இழுத்துவிட்டாள். கல்லைக் கிடத்தி, கழுத்துவரை இழுத்துப் போர்த்துவதுபோலப் போர்த்தினாள்.

கரையில் நின்ற ரூவல் கேட்டான்: "முன்னறையில யாரு அத்தை?"

"அம்மா. எழுப்பாத, இப்பத்தான் படுத்தா."

பிறகு சொன்னபடியே போனார்கள். ஹில்ஸ்பரோவுக்கு எதிரில் பாயைத் தளர்த்தி நின்று, சந்தைக்காரிகளுக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஆல்ஸ்டன் சங்கு ஊதினான். மணல் தீவில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டார்கள். அம்மா கட்டிலருகே அவளுக்கு ஒரு தட்டு வைத்தார்கள். மறுநாள் வடமுனையைச் சுற்றியதும் கொண்டல் நேரே முகத்தில் அடித்தது. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏற வேண்டும். மெர்லினாவுக்குப் பாறை தெரிந்தது, ஆல்ஸ்டனுக்குக் காற்று தெரிந்தது. "இப்ப" என்பான், திருப்புவாள். விண்ட்வர்ட் கரை தூரத்தில் வந்தபோது, "ரோசலினைக் கட்டின இடம் தெரியுதா?" என்றான். தெரியுது என்றாள். சாய்ந்த மரங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. இருந்தாலும் தெரியுது என்றுதான் சொன்னாள்.

பெட்டீட் மார்ட்டினிக் கரையில் சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்றது. வெள்ளைக்காரன் படகிலிருந்து கல் இறங்குவதைப் பார்த்து, "தியோடோசியா டூரிஸ்ட்டா திரும்பி வந்துட்டா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. விடிந்ததும் மேளத்தோடு கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். துணியை எடுக்க வேண்டியது மூத்த பிள்ளை. ஆல்ஸ்டன் துணியை உருவினான். எல்லாரும் பெயரைப் படித்தார்கள். அவன் மட்டும் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றான்.

மெர்லினா அவன் கையைப் பிடித்துக் கல்மேல் வைத்தாள்.

விரல் முதல் எழுத்துக்குள் இறங்கியது. பாதி விரல் புதைகிற ஆழம். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து அம்மாவின் பெயரை முடித்தான்.

"இதை எப்ப வெட்டக் குடுத்த?"

"அம்மாவோட வருஷ திவசத்துக்கு அப்புறம். அன்னைக்கு ரம்மைக் கிளாஸுக்கு வெளியே ஊத்தினியே."

"அப்ப இருந்தே தெரியுமா? ஏன் கேக்கலை?"

"நீ சொல்வேன்னு காத்திருந்தேன். கீழே தடவு."

பெயருக்குக் கீழே ஒரு சின்னப் படகு வெட்டியிருந்தது. பாய் காற்றில் புடைத்திருந்தது. சுக்கான் பக்கம் விரல் போனபோது அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தட்டுப்பட்டது. தலையில் கட்டிய துணி, பாவாடை விரிப்பு. அவன் அதைத் திரும்பத் திரும்பத் தடவினான்.

"இது அம்மாவா, நீயா?"

"நான் அம்மான்னுதான் வெட்டச் சொன்னேன்."

கல்லைத் தூக்க நின்ற நாலு பேரும் மூத்தவன் உத்தரவுக்காக ஆல்ஸ்டன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினான்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கேப்டனைக் கேளுங்கடா, தூக்கலாமான்னு."