தினமும் கும்பிடு அனுப்பிய எண்

‘தர்ஷினி அம்மா’ என்று என் போனில் பதிந்திருந்த எண்ணிலிருந்து ஒரு நாள் மதியம் ஓர் ஆண் குரல் பேசியது.

“டீச்சருங்களா?”

“ஆமாங்க. தர்ஷினி அப்பாங்களா பேசறது?”

பின்னால் காக்கைகள் கத்துவது மட்டும் கேட்டது.

“இல்லீங்க. நான் அந்தப் புள்ளைக்கு யாருமில்லீங்க. உடுமலைப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்துல காவலுக்கு இருக்கறனுங்க. பேரு காளிமுத்து. நீங்க தெனமும் பேசி அனுப்பறதெல்லாம் எனக்குத்தானுங்க வருது.”

வராந்தாவில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகளின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்து, முட்டையை முகத்துக்கு மிக அருகில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள் தர்ஷினி.

“எத்தன நாளாங்க?” என்று கேட்டேன்.

“ஆனி மாசத்துல இருந்துங்க.”

அப்போது தை பிறந்திருந்தது.

“அந்தப் புள்ளைக்குப் போர்டு தெரியலைன்னு போன மாசம் சொன்னீங்கல்லங்க. அதுக்கும் கும்பிடு போட்டுப்போட்டேன். நேத்து மறுக்கா கேட்டீங்க, ஆஸ்பத்திரியில காட்டுனீங்களான்னு. அதுக்கப்புறம் சோறு எறங்கலீங்க” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

*குரல் அனுப்பத் தொடங்கியது*

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில், தென்னந்தோப்புகளுக்குள் இருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. நான் தலைமை ஆசிரியை. இன்னொரு டீச்சர் முதல் இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார், மற்ற மூன்றும் எனக்கு. ஓய்வு பெறுவதற்கு முன் நான் வேலை பார்த்த கடைசிப் பள்ளிக்கூடம்.

அந்த ஊர் அம்மாக்கள் பெரும்பாலும் தென்னை நார் மில்லுக்குப் போகிறவர்கள். காலை ஏழரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இறக்கிவிடும். நான் பொள்ளாச்சியிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் வந்து நாலரை பஸ்ஸில் திரும்புகிறவள். ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கே வழியில்லை. பெற்றோர் கூட்டம் போட்டால் ஒரு நாள் வேலையை விட்டு வரவேண்டும் என்பதால் நாலு பேர் வருவார்கள். நோட்டில் எழுதி அனுப்பினால் எழுதினது எழுதினபடி திரும்பி வரும். வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தோம். காலை வணக்கப் படங்களும் யார் பிள்ளை யாரை அடித்தது என்ற சண்டையுமாக நிரம்பியதால் மூடிவிட்டோம்.

அதன்பிறகுதான் ஆனி மாதம் வாய்ஸ் மெசேஜ் ஆரம்பித்தேன். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு, அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று இரண்டு நிமிடம் பேசுவேன். கடைசியில் ஒரு பிள்ளை பேசும். அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தோப்பைப் பகல் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். என் குரலோடு அந்தக் காற்றும் பதிவாகிப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்புவேன். சில நாள் அந்தந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி சேர்த்துச் சொல்வேன்.

பிள்ளைகள் சேர்ந்து ஒரு கதையும் கட்டினார்கள். மலைப்பக்கமிருந்து வந்த ஒரு மேகம் எங்கள் ஊர்த் தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. தினம் ஒரு பிள்ளை ஒரு வரி சேர்க்க வேண்டும். மேகத்துக்குப் பசித்தது. மேகம் இளநீர் கேட்டது. மேகம் காக்காயோடு சண்டை போட்டது. அந்தக் கதை முடிய வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

பல அம்மாக்கள் கேட்டார்களா இல்லையா என்றே தெரியாது. தர்ஷினி அம்மா மட்டும் ஒரு நாள் தவறாமல் கும்பிடுகிற கைப் படம் அனுப்புவார். முகப்புப் படமாக ஒரு மலைக்கோவில் கோபுரம் இருந்தது. கூட்டத்துக்கு வந்த நாலு பேரிடம், “தர்ஷினி அம்மாவைப் பாருங்க, எவ்வளவு அக்கறை” என்று நான் சொன்னதுகூட உண்டு. கண் விஷயத்தை அனுப்பிய மறுநாள் தர்ஷினியிடம், “அம்மா போன்ல கேட்டாங்களா கண்ணு?” என்றேன். தலையாட்டினாள். டீச்சர் கேட்டால் பிள்ளைகள் தலையாட்டத்தான் செய்யும். முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

*மகேஸ்வரி வீட்டு வாசலில்*

அன்றைக்கு நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு தர்ஷினியோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஆறு மணிக்கு வேன் வந்தது. தர்ஷினியின் அம்மா மகேஸ்வரி இறங்கினார். தலையிலும் புருவத்திலும் நார்த்தூள் படிந்து, பொன்னிறமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

நடந்ததைச் சொன்னேன். அவருடைய பழைய போன் இரண்டு வருடத்துக்கு முன்பே மில்லில் மட்டை ஊறப்போடும் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். புது எண் வாங்கியிருந்தார். பழைய எண்ணைப் போன் கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை, அதனால் எங்களிடம் சொல்லவும் இல்லை.

“டீச்சர், ஏழு மாசமா எம்புள்ளயப் பத்தி யாரோ ஒரு ஆம்பளகிட்டச் சொல்லீட்டு இருந்தீங்களா?”

“உங்ககிட்டச் சொல்றதா நெனச்சுட்டுச் சொன்னேங்க.”

“நாலரைக்கு வந்தா ஆறு மணி வரைக்கும் அவ தனியாத்தான் இருக்கறா. அதையும் சொன்னீங்களா?”

சொல்லியிருந்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள், பிள்ளை வீட்டில் தனியாக இருப்பாளே, இடி இடித்தால் பயப்படுகிறாள் என்று அக்கறையோடு சொல்லியிருந்தேன்.

“சொன்னேங்க” என்றேன்.

அவர் பிள்ளையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. “டிசி குடுத்துப்போடுங்க. எங்கம்மா ஊருல சேத்திக்கறேன்.”

“குடுக்கறேங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் கண்ணாஸ்பத்திரிக்கு வாங்க.”

“கண்ணுக்கு என்ன?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். “நீ ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லலை?”

“எல்லாத்துக்கும் அப்பிடித்தான் தெரியும்னு நெனச்சேன்மா” என்றாள் தர்ஷினி.

மறுநாள் மூவரும் பொள்ளாச்சி போனோம். இடது கண்ணில் பார்வை மிகவும் குறைவு என்றார் டாக்டர். “எட்டு வயசுலயே வந்துட்டீங்க, சரியாயிரும். இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா இந்தக் கண்ணு பாக்கறதையே மறந்திருக்கும்.”

“ஒரு மாசம் முந்தியே வந்திருந்தா?” என்று கேட்டார் மகேஸ்வரி.

“ஒரு மாசத்துல ஒண்ணும் கெட்டுப்போகலைம்மா.”

களத்தில் காக்கை விரட்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் மகேஸ்வரியே பேச்செடுத்தார்.

“அந்த ஆளப் பாக்கோணும் டீச்சர். நேர்ல பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

*கொப்பரைக் களம்*

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு வழி கேட்டுக்கொண்டு சனிக்கிழமை போனோம். தர்ஷினியை அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டோம்.

உடுமலையிலிருந்து இன்னொரு பஸ் ஏறி, வாய்க்கால் பாலத்தில் இறங்கி நடந்தோம். களம் பெரியது. உடைத்த தேங்காய் மூடிகளை வானம் பார்க்கப் பரப்பியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டின வரை சின்னச் சின்ன வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெயில். காற்று எண்ணெய் வாசத்தோடு மெதுவாக வந்தது. அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போகும்போது, நாங்கள் எதற்காக வந்தோம் என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

காளிமுத்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். மரம் ஏறும் வேலை பார்த்து, ஒரு முறை விழுந்து இடுப்பு அடிபட்டதால் காவலுக்கு வந்தவர். துவைத்த சட்டை போட்டிருந்தார். கொட்டகை நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார். அவர் உட்காரவில்லை.

மகேஸ்வரியும் உட்காரவில்லை. “எதுக்குங்க ஏழு மாசம் சும்மா இருந்தீங்க?”

“மொத நாளே தெரிஞ்சுதுங்க அம்மணி, தப்பா வந்திருக்குதுன்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தப்பா வந்திருச்சுங்கன்னு சொல்றாப்பல அந்தக் கும்பிடு படத்த அழுத்துனேன். மறுநாளும் வந்துது. அப்புறம் ஒரு மணி ஆச்சுன்னா போனயே பாத்துட்டு இருக்க ஆரம்பிச்சுட்டேன். சொன்னா நின்னு போயிரும்னு சொல்லலீங்க.”

அவர் களத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். “நான் பள்ளிக்கூடமே போனதில்லீங்க. உள்ள என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. ஆனா அந்தக் கண்ணு விசயத்த அன்னைக்கே சொல்லியிருக்கோணும். அது தப்புதானுங்க.”

மன்னிப்புக் கேட்கிற முகபாவம் எதுவும் அவரிடம் இல்லை. போனை எடுத்து மகேஸ்வரியிடம் நீட்டினார். “எல்லாம் இதுலதான் இருக்குது. அழிச்சுப்போடுங்க. நம்பரையும் மாத்திக்கறேன்.”

மகேஸ்வரி வாங்கிக்கொண்டார். அழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் மெசேஜில் நின்றது. அதை அழுத்தினார்.

காற்று கேட்டது. பிறகு என் குரல். பிறகு, “அம்மா, நான் தர்ஷினி பேசறேன். இன்னைக்கு நாந்தான் எல்லாத்துக்கும் புத்தகம் எடுத்துக் குடுத்தேன்.”

மகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்தது. அதற்கடுத்தது. இலை பொறுக்கின நாள், காந்தம் வைத்து விளையாடின நாள், தர்ஷினி ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாதியில் மறந்து சிரித்த நாள். போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். காளிமுத்து நீளமான கழியை எடுத்துக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். அங்கே வெயிலில் அவர் கழியை ஆட்டுவதும் காக்கைகள் எழுந்து மறுபடி உட்காருவதும் சத்தமில்லாமல் நடந்தன. நிழல் எங்கள் காலடியிலிருந்து நகர்ந்து போனது. ஆடி போனது, புரட்டாசி போனது, மழை வந்தது. ஏழு மாதப் பகல்கள் அந்த ஒரு பகலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பேசியதை நானே ஏதோ ஒரு பெண் பேசுவதாகக் கேட்டேன்.

நடுவில் மகேஸ்வரி நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இந்த மேகத்துக் கதைய ஊட்டுல சொல்லுவா டீச்சர். சோறு உங்கறப்ப சொல்லுவா. என்னமோ கனாக் கண்டுட்டுச் சொல்றான்னு நெனச்சேன். படுத்துத் தூங்கு கண்ணுன்னு சொல்லிப்போடுவேன்.”

மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, அத்தனையையும் தன் புது எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு காளிமுத்துவின் போனிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். ஒன்றும் மிச்சமில்லை என்று இரண்டு முறை பார்த்தார்.

“இனிமே உங்களுக்கு வராதுங்க” என்று, திரும்பி வந்த காளிமுத்துவிடம் போனைக் கொடுத்தார்.

“சரீங்க அம்மணி.”

“கண்ணு சரியாயிரும்னு டாக்டர் சொன்னாருங்க. ஒரு மாசத்துல ஒண்ணும் கெட்டுப்போகலியாம்” என்றார் மகேஸ்வரி.

காளிமுத்து கையிலிருந்த கழியைச் சுவரில் சாய்த்தார். அதைச் சாய்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் கேட் வரை வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. அந்த மேகம் கீழ எறங்குச்சுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி சொன்னார். “இன்னும் எறங்கலீங்க. மரத்துலயேதான் இருக்குது. மேல வேற ஒரு மேகம் தேடீட்டு வந்திருக்குதாம்.”

ஊரிலிருக்கும் சொந்தக்காரரைப் பற்றிச் சேதி கேட்டவர் போல அவர் தலையாட்டினார்.

*நான் மாற்றிக்கொண்டது*

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லாப் பெற்றோருக்கும் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அப்போதுதான் இன்னும் மூன்று வீடுகளின் எண் மாறியிருப்பது தெரிய வந்தது. அதன்பிறகு பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எனக்குக் கூப்பிடச் சொல்லி, குரலைக் கேட்ட பிறகுதான் எண்ணைப் பதிந்தேன். பிள்ளையின் உடம்பு, வீட்டு நிலைமை இதையெல்லாம் மெசேஜில் சொல்வதை நிறுத்தினேன். அப்படி ஒன்று இருந்தால் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நேரில் போனேன். இப்போது வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அனுப்பியதோடு உங்கள் வேலை முடியவில்லை. அந்த வீட்டில் யார் கேட்டார்கள் என்று உங்கள் காதால் தெரிந்துகொள்ளுங்கள். பதில் தவறாமல் வருகிற வீட்டை இன்னும் ஒரு முறை விசாரியுங்கள்.

டிசியைப் பற்றி மகேஸ்வரி மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

களத்துக்குப் போய் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை மதியம், புது எண்ணுக்கு முதல் மெசேஜை அனுப்பிவிட்டு வேப்ப மரத்தடியிலேயே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் மில் இயந்திரங்களின் இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மகேஸ்வரி கத்திப் பேசினார்.

“கேட்டுட்டேனுங்க டீச்சர். புள்ளகிட்டச் சொல்லுங்க, அம்மா கேட்டுட்டேன்னு.”

வராந்தாவிலிருந்த தர்ஷினியைக் கூப்பிட்டு, போனை அவள் காதில் வைத்தேன். அசையாமல் நின்று கேட்டாள்.

“மறுக்கா போடுங்க டீச்சர்” என்றாள்.