எர்சீலியா அழவில்லை

இத்தாலியின் போ ஆறு கரையுடைத்து ஊருக்குள் புகுந்த வருடம், விலாங்கு பிடித்துப் பிழைத்த எர்சீலியா தன் தட்டைப் படகில் கூரை கூரையாகப் போய், மாட்டிக்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கரை சேர்த்தாள். அவர்களில் தையற்காரர் மகன் ஒரெஸ்தேயும் ஒருவன். பிற்பாடு அவன் ரோமுக்குப் போய் சினிமா டைரக்டர் ஆனான்.

அவன் எடுத்த வெள்ளப் படம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. திரையில் ஒருத்தி துடுப்போடு நின்றதுமே கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ஏ எர்சீலியா, அது நீதான்டி!"

அதே தலைத்துணி, அதே வசவு. எர்சீலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் கடைசிக் கூரையருகே அந்தப் படத்துக்காரி துடுப்பைப் போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். எர்சீலியாவின் முகம் கறுத்துவிட்டது.

படம் முடிந்ததும், வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த ஒரெஸ்தேயை மறித்தாள்.

"ஏன்டா, நான் எப்போடா அழுதேன்? நான் அழுதுட்டிருந்தா படகை யாரு ஓட்டியிருப்பா, உங்கப்பனா?"

சுற்றிலும் சிரிப்பு. ஒரெஸ்தே மட்டும் சிரிக்கவில்லை.

"நீ அழலக்கா. உன் காலைக் கட்டிக்கிட்டு நான்தான் அழுதேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் தலையில கட்டிட்டேன்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அவன் தியேட்டர் படியில் ஏறி நின்று உரக்கச் சொன்னான்.

எர்சீலியா அவன் கையைக் கோத்துக்கொண்டு, ஊரே பார்க்க நடுத்தெருவில் நடந்தாள்.

"நம்ம ஊருப் புள்ள எடுத்த படம்," என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "என்னைப் பத்தின படம்."