எங்கள் வாசலில் நட்ட மரம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் அப்பா அப்பளக் கடை வைத்திருந்தார். மாவு பிசைவது அம்மா, உருட்டித் தேய்ப்பது நானும் தங்கையும், விற்பது அப்பா. காய வைப்பது மட்டும் எங்கள் கையில் இல்லை. அந்த ஊரில் காலையில் கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும், பிறகு பனிமூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். அந்த வெயிலும் கடைக்கு முன்னால், தெருவோரம், ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழும். பின்கட்டில் எந்நேரமும் மலை நிழல். அடுப்பங்கரையில் காய வைத்தால் புகை நாற்றம் ஏறிவிடும், யாரும் சீந்தமாட்டார்கள்.

முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் படுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நகரசபைக்குத் தெருவை அழகுபடுத்தும் ஆசை வந்தது. துரைமார் காரில் வரும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். எங்கள் வெயில் விழும் இடத்திலேயே ஒரு கன்றை நட்டு, சுற்றி மூங்கில் வேலியும் போட்டார்கள். மரத்தின் பக்கம் பாய் விரிக்கக்கூடாது, பெயர்த்தால் அபராதம் என்றார்கள்.

அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனார். வெளியிலேயே நிற்க வைத்தார்கள். கடைசியில் ஒரு கிளார்க்கு வந்து, "நல்லதுதானேய்யா, நிழல்ல உக்காந்து யாவாரம் பண்ணலாமே" என்று சிரித்தாராம். அவர் வாயில் மண் விழ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் தேய்த்த அப்பளம் கூடை கூடையாகப் பூஞ்சணம் பிடித்தது. கடையை விட்டுவிட்டு மதுரைப் பக்கம் போய்விடலாம் என்று அப்பா புலம்ப ஆரம்பித்தார். அங்கே எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கன்றின் தலையில் கவிழ்த்தாள். தெரு முழுக்கத் தோட்டத்து ஜனம். சரியாக அப்போது பார்த்து நகரசபை இன்ஸ்பெக்டர் எதிரே வந்து நின்றார்.

"ஏ பொம்பள, என்ன ஊத்துற?"

"பாலுங்க மாத்தயா. கனவுல சாமி வந்துச்சுங்க. அதுக்குத்தான் ஊத்துறேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பெண்கள் நகரவில்லை. அடுத்து யாரைக் கப்பலேற்றுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒருத்தி கிட்டே வந்து, "மாரியாத்தாளா தாயி?" என்றாள். இன்ஸ்பெக்டர் காதெட்டும் தூரத்தில்தான் நின்றார். அம்மா தலையாட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வேலியில் மஞ்சள் துணி தொங்கியது. அதற்கடுத்து சூலம், குங்குமம், சூடம். தெருவில் வண்டி போக வழியில்லை. கன்று வெந்து இலையெல்லாம் கொட்டியது. எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் பாழாய்ப்போன மரம் மறுபடி தளிர்விட்டது.

வழி அடைபடுகிறதென்று நகரசபையே மரத்தை எடுக்க முடிவு செய்தது. வந்த கூலியாட்கள் நம் ஆட்கள். கத்தியைக் கீழே போட்டுக் கும்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அப்பாவிடம், "நீங்கதானே எடுக்கச் சொல்லிக் கேட்டீங்க? நீங்களே பிடுங்குங்க, நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றார்.

அப்பா மண்வெட்டியோடு பாய்ந்தார். நான் உள்ளே ஓடிப்போய்ப் பாயை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அம்மா வேலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க. கை வைக்காதீங்க."

"பைத்தியமா உனக்கு? அது கஞ்சித்தண்ணிடி!" அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, ஜனத்துக்குக் கேட்காமல் சொன்னார்.

"ஊத்துனவளுக்குத் தெரியாதாங்க? கொதிக்கக் கொதிக்க ஊத்துனேன். செத்திருக்கணுமில்ல? தளிர் விட்டிருக்கே! சாமி இல்லாமயா? நம்ம பொம்பளப் புள்ளைகள நெனச்சுப் பாருங்க."

எனக்கு அவளை இழுத்துத் தள்ள வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு நடுவே அழுதார்.

கடை கைமாறியது. அப்பா நோர்வூட்டில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கப் போனார். எங்கள் இடத்துக்கு வந்தவர் சூடமும் பூவும் தேங்காயும் வைத்தார். அதற்கு வெயில் வேண்டாம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அவரிடம் முதல் சூடம் வாங்கியது அம்மாதான்.