பதினேழாம் நம்பர் எலி

எங்கள் தோட்டத்தில் வயலெலிக்கு இருந்த யோகம் மனுசனுக்கு இருக்கவில்லை. முப்பதுகளில், தஞ்சோங் கிளிங் பக்கம் நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து இறங்கினார். வயலெலியின் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத புழு நீந்துகிறதாம், அதைப் பார்க்கத்தான் வந்தாராம். எலிகளை உயிரோடு பிடிக்க என்னைப் போட்டார்கள். வால் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காயவைத்து, கூண்டு நம்பர் எழுதுவதும் என் வேலைதான்.

"எலிக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, எங்களையும் கொஞ்சம் பாருலா" என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் கேலி செய்தார்கள்.

அந்த மாதம் என் அக்காவுக்குக் காய்ச்சல். ஒருநாள் குளிர் உலுக்கும், மறுநாள் எழுந்து நடமாடுவாள். உலுக்கும் நாளில் மூன்று மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அதே ஆஸ்பத்திரிக்கு எலிகள் டாக்டரின் காரில் போயின. நடமாடும் நாளில் போனாள், அதுதான் தப்பாகிவிட்டது.

"நல்லாத்தானே நிக்கிற? வேலைக்குப் போறதுக்குத்தான் நோவுதா?" என்றார் அங்கே மருந்து கொடுக்கும் டிரசர். "இன்னொரு நாள் பெரட்டுக்கு வரலேன்னா பேரை வெட்டிருவாங்க, பாத்துக்க."

மறுநாள் மத்தியானம் அக்கா கோணிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அன்றும் விடியற்காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை. நான் ஊசியோடு போய் உட்கார்ந்தேன்.

"கைய நீட்டுக்கா."

"எலி ரத்தம் பத்தலையாடா ஒனக்கு?"

பிடித்த எலிகள் பதினாறு. அக்காவின் ரத்தம் தேய்த்த கண்ணாடித் துண்டில் பதினேழு என்று எழுதி, எலிகளின் துண்டுகளோடு அடுக்கிவைத்தேன்.

டாக்டர் குழாய்க் கண்ணாடியில் கண்ணை வைத்துச் சீட்டியடித்துக்கொண்டே பார்ப்பார். பதினேழில் சீட்டி நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"இந்த எலி எங்கே?"

"லயத்துல படுத்திருக்கு, தொரை."

"உயிரோடு?"

"இருக்கு. நாளைக்கு அதோட பேரை வெட்டிருவாங்க."

அக்காவின் பேரைக் கேட்டுக்கொண்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி டிரசருக்கு அனுப்பினார். அதன்பிறகு டிரசருக்கு அக்காமேல் வந்த மரியாதையைச் சொல்லி மாளாது. "வாங்கம்மா, ஏறுங்கம்மா" என்று லயத்துக்கே வந்து அவரே கார்க் கதவைத் திறந்துவிட்டார். அக்கா கூண்டுகளுக்கு நடுவே காலை ஒடுக்கி உட்கார்ந்தாள்.

பத்து நாள் மலேரியா மருந்து கொயினாவில் குளிர் விட்டது. பேரையும் வெட்டவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனபோது கேட்டாள்.

"ரத்தத்துல புழு இருந்துச்சே, அந்த எலிங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையாடா?"

"இல்லக்கா. நல்லா தின்னுட்டு ஓடுதுங்க."

"அதுங்களுக்குப் பெரட்டு கிடையாதுல்ல, அதான்" என்றாள்.