தோல் இல்லாத பெல்ட்

சுடிதாருக்கு நாடா உண்டு, பெல்ட் மாட்ட வளையம் கிடையாது. பெண்களுக்குத் துணி வெட்டும் எந்தத் தையல்காரரும், இவள் இடுப்பில் ஒரு கிலோ இரும்பைச் செருகிக்கொண்டு போவாள் என்று நினைத்து வெட்டுவதில்லை. ஆயுதப்படை ஏட்டு ரேணுகாவுக்கு இந்த ஞானம் திருவிடந்தையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வந்தது. நாடாவில் செருகியிருந்த கைத்துப்பாக்கி உறையோடு சரிந்து தொடைக்கு இறங்கிவிட்டது. வயிற்றுவலிக்காரி மாதிரி குனிந்து, அதைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தாள்.

அது சௌந்தரவல்லி டீச்சரின் வீடு. ஓய்வுபெற்றவர், தனி ஆள். அவருடைய மாடியில் குடியிருந்து, மகாபலிபுரத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்து வந்தவள் காயத்ரி. அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒருவன் அவளை அந்த வீட்டு வாசலில் வைத்துக் கொன்றான். பார்த்த ஒரே சாட்சி டீச்சர். கொன்றவன் ஜாமீனில் வெளியே உலாத்துகிறான். டீச்சருக்கு நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. சாதாரண உடையில், உறவுக்காரி போல, ரேணுகா கூடவே இருக்க வேண்டும். துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது.

சரிந்த கதையைக் கேட்ட இன்ஸ்பெக்டர் சுருக்கமாக முடித்துவிட்டார். "அது இடுப்புல நிக்கிற வரைக்கும் அந்தம்மாவ வாசப்படி தாண்ட வுடாத."

டீச்சருக்கு வெளியே போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று காயத்ரி ஊர்க்கோயிலில் நித்யகல்யாணப் பெருமாளுக்கு மாலை சாற்றியிருந்தாள். சாற்றித் தரும் மாலையைக் கழுத்தில் போட்டுப் பிராகாரம் சுற்றி, வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் கணவனோடு அந்தக் காய்ந்த மாலையைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். மாடியில் ஆணி இல்லை என்று டீச்சரின் பூஜை அறையில் மாட்டியிருந்தாள். அது இன்னும் அங்கேயே தொங்கியது.

"வச்சுண்டு இருக்கவும் முடியலை, தூக்கிப் போடவும் மனசு வரலை" என்றார் டீச்சர். "இதைச் சேர்த்துட்டு வந்தாத்தான் கோர்ட்டுல என் வாயிலேர்ந்து வார்த்தை வரும். இல்லேன்னா கூண்டுல நின்னு அழுவேன், அவ்வளவுதான்."

விசாரணை அடுத்த வாரம். ஆக, ஒரு கொலை வழக்கு பெல்ட்டில் வந்து நின்றது.

மாற்றுக் காவலர் வந்த நேரத்தில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ரேணுகா பெல்ட் பார்த்த விதமே வேறு. பளபளப்பையும் பக்கிளையும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் படுக்கவைத்துப் பிடித்து விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினாள். மடங்கினால் தள்ளிவைத்தாள். தானே துவளும் பெல்ட் துப்பாக்கியை எங்கே தாங்கப்போகிறது?

"யாருக்கும்மா, வூட்டுக்காரருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஆமா."

"இடுப்பு இன்னா சைஸு?"

யோசிக்காமல் தன் இடுப்பில் சுற்றிக் காட்டினாள். கடைக்காரர் முகம் தெரியாத அந்தக் கணவனுக்காக இரக்கப்பட்டு, "வேளாவேளைக்குச் சோறு போடும்மா" என்றார்.

இரண்டு தோல் சேர்த்துத் தைத்த தடித்த பெல்ட் ஒன்று தேறியது. குனிந்தாலும் ஓடினாலும் குடம் தூக்கினாலும் துப்பாக்கி வைத்த இடத்தில் இருந்தது. மறுநாள் காலை டீச்சர் மாலையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். கோபுர வாசலில் படி ஏறும்போது தடுமாறி, ரேணுகாவின் இடுப்பைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னது, தோலா?"

"உள்ளாற போட்டுகினு கீறேன் டீச்சர். யாருக்கும் தெரியாது."

"பெருமாளுக்குமா தெரியாது?"

ரேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துப்பாக்கி போலாம், தோலு போவக் கூடாதா? இன்னா டீச்சர் இது நாயம்?"

"தப்பா எடுத்துக்காதே. தோல்னா ஏதோ ஒரு உயிர் போயிருக்கு. ஏற்கெனவே ஒரு உயிர் போனதைக் கையில ஏந்திண்டு நிக்கறேன். இன்னொண்ணையும் உள்ளே கொண்டுபோக என்னால முடியாதும்மா."

பெல்ட்டைக் கழற்றினால் துப்பாக்கி இல்லை; துப்பாக்கி இல்லாமல் கோயில் இல்லை. திரும்பி நடந்தார்கள். ரேணுகாவுக்கு அழுகையாக வந்தது.

அவள் கணவன் கிருபாகரன் செங்கல்பட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "ஒட்டியாணம் கேப்பேன்னு பயந்துகினு இருந்தா, பெல்ட்டு கேக்கற." நசுங்கிய கார் ஒன்றின் சீட் பெல்ட்டை வெட்டி, இரண்டாக மடித்து, நடுவே பிளாஸ்டிக் பட்டை கொடுத்து நைலான் நூலால் தையல் அடித்தான். "வண்டியே கவுந்தாலும் ஆள வுடாது இது" என்று அவள் இடுப்பில் மாட்டிவிட்டான். உறையும் நைலான்தான். தோல் என்று எங்கும் எதுவும் இல்லை.

அடுத்த நாள் காலை கோயிலுக்குள் கடற்காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. கழுத்தில் மாலையோடு கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ரோஜாவும் துளசியும் வியர்வையும் கலந்த வாசனை கூடவே நடந்தது. டீச்சருக்கு ஓரடி பின்னால் நடந்த ரேணுகாவின் கண்கள் வருபவர்களின் கைகளையே பார்த்தன. மனம் மட்டும் எங்கோ மிதந்தது. இடுப்பில் கனம் இருப்பதே மறந்துபோனது. காயத்ரியை அவள் உயிரோடு பார்த்ததில்லை. இருந்தும் முன்னால் போகும் ஒவ்வொரு பெண்ணும் பின்னாலிருந்து காயத்ரியாகவே தெரிந்தாள். திரும்பினால் வேறு முகம். அடுத்த மூலையில் மறுபடியும் அவளே. எத்தனையாவது சுற்று என்பது மறந்துவிட்டது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் எங்காவது ஒரு மூலையில் அவள் திரும்பிச் சிரித்துவிடுவாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு இனிமையாக இருந்தது.

சந்நிதியில் அச்சுதன் பட்டர் காய்ந்த மாலையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பேஷ், கல்யாணம் ஆயிடுத்தா! பொண்ணு மாப்பிள்ளை எங்கே?"

வெளியூரில் இருக்கிறார்கள் என்று சொல்ல ரேணுகா வாயெடுத்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆகலை. கொன்னுட்டான். என் வாசல்ல வச்சு. நான் பார்த்தேன்."

பட்டர் இரண்டு கைகளாலும் மாலையை வாங்கிக்கொண்டார். "குழந்தை பேர் சொல்லுங்கோ" என்றார்.

அழுதுவிடுவாரோ என்று ரேணுகா பயந்தாள். டீச்சர் அழவில்லை.

"காயத்ரி" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, கொன்றவனுடைய பெயரையும் வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.